பெயரில் வாழும் ழகரம்

நுழையும் முன்

ஒருவர் தம் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்கும் சொற்களுள் ஒன்று அவருடைய பெயர். அப்பெயரைத் தமிழில் எழுதினால் தமிழறிந்த எவரும் தயக்கமின்றிப் படிப்பர். அதே பெயரை உரோமன் எழுத்தில் எழுதும்போது படிப்பவருக்கு ஏற்ப ஒலி மாறிவிடுகிறது. ழகரம் அமைந்த பெயர்களே இம்மாற்றத்துக்குப் பெரிதும் ஆளாகின்றன. இன்று பெற்றோர் பலர் விரும்பிச் சூட்டும் 'யாழினி' என்னும் பெயரைச் சான்றாகக் கொண்டு, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு பெயர், பல ஒலிகள்

யாழினி என்னும் பெயருடைய மாணவி ஒருத்தி உயர்கல்விக்காக வேற்று மாநிலம் ஒன்றுக்குச் செல்வதாகக் கொள்வோம். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் பெயர்ப்பட்டியலைப் படித்துக்கொண்டே வருகிறார். ஓரிடத்தில் அவர் குரல் தயங்குகிறது. அடுத்து வருவது தன் பெயர்தான் என்பதை அத்தயக்கத்தைக் கொண்டே அறிந்து, பெயர் ஒலிக்கப்படுவதற்கு முன்னரே அவள் எழுந்து நிற்கிறாள். பேராசிரியர் 'யாஜினி' என்கிறார். அருகிலிருப்பவர் 'யாசினி' என்கிறார். விடுதித் தோழி 'யாலினி' என்கிறாள். நாளடைவில் அவளே, "யாழ் என்று கூப்பிட வராவிட்டால் யாலினி என்றே கூப்பிடுங்கள்" எனச் சொல்லிவிடுகிறாள்.

இவர்களுள் எவரும் அவளை இழிவுபடுத்த எண்ணியவர் அல்லர். தம்முன் உள்ள எழுத்துகளைத் தமக்குத் தெரிந்த முறையில் படித்தவர்களே. பெயரைச் சூட்டிய பெற்றோரும் பிழை செய்யவில்லை. அவ்வாறாயின் பிழை எங்கே நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண, அப்பெயர் பிறந்த இடத்தையும் அதன் நடுவே நிற்கும் எழுத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

பெயரின் வேர்

யாழ், பழந்தமிழரின் நரம்பிசைக் கருவி. பேரியாழ் இசைத்தோர் பெரும்பாணர் எனவும் சீறியாழ் இசைத்தோர் சிறுபாணர் எனவும் அழைக்கப்பெற்றனர். பத்துப்பாட்டுள் இரண்டு நூல்கள் அவர்களின் பெயராலேயே வழங்குகின்றன. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பலவகையாக வளர்ந்த அக்கருவி பிற்காலத்தில் வழக்கொழிந்தது. இலங்கையின் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய விபுலாநந்த அடிகள், யாழின் அமைப்பையும் பண்டை இசை இலக்கணத்தையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. கருவி மறைந்தாலும் அதன் பெயர் தமிழர் நெஞ்சைவிட்டு மறையவில்லை.

தமிழ்ச் சொற்களால் மக்களுக்குப் பெயரிடும் வேட்கை 20ஆம் நூற்றாண்டில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் எனவும், சுவாமி வேதாசலம் தம் பெயரை மறைமலையடிகள் எனவும் தமிழாக்கிக்கொண்டனர். 1916ஆம் ஆண்டு தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் எழுந்த திராவிட இயக்கமும் இவ்வழக்கை இல்லந்தோறும் கொண்டு சென்றன. இராமையா, அன்பழகன் ஆனார். நாராயணசாமி, நெடுஞ்செழியன் ஆனார். இவ்விரு பெயர்களிலும் ழகரம் அமைந்திருப்பது கருதத்தக்கது. தமிழுக்கே உரிய பெயரைத் தேடியவர்கள் தமிழுக்குச் சிறப்பாக உரிய எழுத்தையும் நாடினர். தேன்மொழி, கயல்விழி, எழிலரசி, இளஞ்செழியன் எனத் தொடர்ந்த இவ்வரிசையில் யாழினி, மகிழினி, மகிழன் முதலிய பெயர்கள் இன்றைய தலைமுறைக்கு உரியவை.

'யாழினி' என்பது யாழ் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்து, 'இனி' என முடியும் பெண்பாற் பெயர் அமைப்பைப் பெற்றது. யாழின் இனிமை உடையவள் எனப் பொருள்கொள்வோரும் உண்டு. யகரம் ஆகாரத்தோடு சேர்ந்து மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும் என்பது தொல்காப்பிய விதி. ழகரம் சொல்லுக்கு முதலில் வாராது. இடையிலும் இறுதியிலுமே வரும். ஆகவே, புதிதாகத் தோன்றும் இப்பெயர் எழுத்தமைதியில் பழைய இலக்கணத்துக்கு முழுவதும் இயைந்து நிற்கிறது.

ழகரம் பிறக்கும் முறை

எழுத்தொலிகளின் பிறப்பைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் விளக்குகிறார். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்பது அவர் கருத்து. நன்னூலாரும் அவ்வாறே கூறுகிறார். இங்கு 'வருடுதல்' என்னும் சொல் நுட்பமானது. டகரத்தை ஒலிக்கும்போது நா அண்ணத்தை அழுந்தத் தொட்டுக் காற்றை ஒரு கணம் தடுக்கிறது. ளகரத்தில் நாவின் நடு தடுக்க, காற்று இருபுறமும் வழிந்து வெளியேறுகிறது. ழகரத்தில் அத்தகைய தடை இல்லை. நா மேலே வளைந்து அண்ணத்தை நெருங்கி நிற்க, காற்று நடுவழியே தங்குதடையின்றிச் செல்கிறது.

இவ்வகையில் ழகரம் மூன்று ஒலிகளின் உறவினைக் கொண்டுள்ளது. நா வளைவதால் டகரத்தையும், வருடுவதால் ரகரத்தையும், மென்மையாக ஒலிப்பதால் ளகரத்தையும் அது ஒத்திருக்கிறது. எனினும் அவற்றுள் எதுவும் ஆகாது. பழகாத செவி, இம்மூன்றனுள் தனக்கு அண்மையில் உள்ள ஒன்றாக அதனைக் கேட்டுவிடுகிறது.

அயலார் செவியில்

இவ்வாறு கேட்கும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. 'சோழர்' என்னும் குடிப்பெயரே அதற்குச் சிறந்த சான்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டுகளில் இப்பெயர் 'சோட' எனக் காணப்படுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமி தம் நிலவியல் நூலில் குறிக்கும் 'சோரா' என்பது சோழரையே சுட்டும் என்பர். ஆங்கில நூல்களில் அப்பெயர் 'சோலா' ஆயிற்று. பிராகிருதம் டகரத்தையும், கிரேக்கம் ரகரத்தையும், ஆங்கிலம் லகரத்தையும் பற்றிக்கொண்டன. ழகரத்தின் மூன்று உறவுகளும் ஒரே பெயரின் வரலாற்றில் வெளிப்பட்டுவிட்டன.

மொழியின் பெயருக்கும் இதுவே நேர்ந்தது. 1554ஆம் ஆண்டு இலிசுபன் நகரில் அச்சான கார்த்தில்யா என்னும் சிறுநூலில் தமிழ்த் தொடர்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. அதன் தலைப்பில் நம் மொழி 'தமுல்' எனப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயரும் லகரத்திலேயே முடிகிறது. எழும்பூர் 'எக்மோர்' ஆனதும், யாழ்ப்பாணம் 'ஜாஃப்னா' என வழங்குவதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

இரண்டு எழுத்துகளின் கதை

உரோமன் எழுத்து வரிசையில் ழகரத்துக்கு நேரான எழுத்து இல்லை. இக்குறையை அறிஞர் ஒரு முறையிலும் பொதுமக்கள் வேறொரு முறையிலும் நிறைவு செய்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 'எல்' என்னும் எழுத்தின்கீழ்க் கோடிட்டு ழகரத்தைக் குறித்தது. 2001ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுத் தர எழுத்துப்பெயர்ப்பு முறையும் அதனையே கொண்டது. ஆராய்ச்சி நூல்களுக்கு இம்முறை ஏற்றது. ஆனால், பள்ளிச் சான்றிதழிலும் தொடர்வண்டிப் பயணச்சீட்டிலும் அடிக்கோடிட்ட எழுத்துக்கு இடமில்லை. மக்கள் வழக்கில் 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்துகளின் கூட்டு ழகரத்துக்கு அடையாளமாக நிலைபெற்றது. மலையாளத்திலும் ழகரம் உண்டு. ஆலப்புழை, கோழிக்கோடு என்னும் ஊர்ப்பெயர்கள் உரோமன் எழுத்தில் இக்கூட்டாலேயே எழுதப்படுகின்றன.

இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. அதே ஈரெழுத்துக் கூட்டு வேறு மொழிகளிலும் வேறு ஒலிகளுக்குப் பயன்படுகிறது. உருசியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது, 'விஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவே கேட்கும் உரசொலியை அது குறிக்கிறது. சீன அரசு 1958ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில், நாவை வளைத்து எழுப்பும் ஜகரம் போன்ற ஒலியை அது குறிக்கிறது. ஆகவே, அக்கூட்டைக் காணும் அயலவர் தாம் முன்பு கண்ட உருசிய, சீனப் பெயர்களை நினைந்து படிக்கின்றனர். இந்தி நாளிதழ்களில் 'மொழி' என முடியும் தமிழ்ப் பெயர்கள் ஜகர ஒலியோடு எழுதப்படுவதும் இதனாலேயே. அவர்கள் தமிழ்ப் பெயரைச் செவியால் கேட்டு எழுதவில்லை. உரோமன் எழுத்தைக் கண்ணால் கண்டு எழுதுகின்றனர். ஒலி தமிழிலிருந்து நேரே இந்திக்குச் செல்லாமல் ஆங்கில எழுத்தின் வழியே சுற்றிச் செல்லும்போது, இடைவழியில் மாறிவிடுகிறது. இத்தனைக்கும் தேவநாகரியில் தமிழ், மலையாள ழகரத்தைக் குறிப்பதற்கென்றே ளகரத்தின்கீழ்ப் புள்ளியிட்ட எழுத்து ஒன்று உள்ளது.

தெரிந்து தெளிவோம்

உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் ஒருங்கே கையாள உதவும் ஒருங்குறி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. லகரத்தின் பெயரில் 'எல்' ஒரு முறையும், ளகரத்தின் பெயரில் இரு முறையும், ழகரத்தின் பெயரில் மும்முறையும் எழுதப்படுகின்றன. தமிழ் எழுத்துத் தொகுதியில் ழகரத்துக்கு உரிய எண் 0பிபி4 ஆகும்.

அயர்லாந்து காட்டும் ஒப்புமை

எழுத்தும் ஒலியும் மாறுபட்டுத் தோன்றும் பெயர்கள் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. அயர்லாந்து நாட்டில் பெண்குழந்தைகளுக்கு இடப்படும் 'நீவ்' என்னும் பெயர் இதற்கு நல்ல ஒப்புமை. அந்நாட்டுத் தொன்மக்கதையில், வீரன் ஒருவனை என்றும் இளமை மாறாத நாட்டுக்கு அழைத்துச் செல்லும் பொற்கூந்தல் மங்கையின் பெயர் அது. அப்பெயரை ஐரிசு மொழியில் 'என், ஐ, ஏ, எம், எச்' என்னும் ஐந்து எழுத்துகளால் எழுதுவர். ஆங்கில முறையில் படிப்பவர் 'நியாம்' என்பர். 'ஷிவான்' என்னும் பெயரும் அவ்வாறே; அதில் வகர ஒலியைத் தருவன 'பி', 'எச்' என்னும் எழுத்துகள்.

வெளியிலிருந்து காண்போருக்கு இவ்வெழுத்து முறை விந்தையாகத் தோன்றும். ஐரிசு மொழியினருக்கோ அது ஒழுங்கான விதி. அம்மொழியில் மெய்யொலி இடம் நோக்கி மென்மையாகத் திரிவதுண்டு. அத்திரிபைப் பழைய ஐரிசு எழுத்தில் மெய்யின்மேல் ஒரு புள்ளியிட்டுக் காட்டினர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய எழுத்துருவுக்கு மாறாகப் பொதுவான உரோமன் எழுத்துரு வழக்குக்கு வந்தபோது, புள்ளிக்கு ஈடாக அம்மெய்யை அடுத்து 'எச்' எழுதும் முறை நிலைத்தது. மகரத்தோடு 'எச்' சேர்ந்தால் வகரம் என்பது அங்குள்ள சிறுவரும் அறிந்த செய்தி.

நீவ், யாழினி ஆகிய இரு பெயர்களிலும் 'எச்' தனக்கென ஒலியின்றி, முன்னுள்ள எழுத்தின் ஒலி மாறியுள்ளது என்பதைக் காட்டும் அடையாளமாகவே நிற்கிறது. அவ்வடையாளத்தின் பொருளை அறிந்தவர் சரியாகப் படிக்கின்றனர்; அறியாதவர் தடுமாறுகின்றனர். எந்த எழுத்துமுறையும் தன்னளவில் விந்தையானது அன்று. அதன் விதியை அறியாதபோதே விந்தையாகத் தோன்றுகிறது.

ஆவணத்தில் பெயர்

பெயரின் எழுத்து, ஒலியைப் பற்றிய சிக்கல் மட்டும் அன்று. வாழ்வியல் சிக்கலும் ஆகும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி குழந்தையின் பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரின்றிப் பதிவு செய்யப்பட்ட பிறப்பாயின், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும் அதன்பின் 15 ஆண்டுகள் வரை காலதாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். அன்று எழுதப்படும் உரோமன் வடிவமே பின்னர்ப் பள்ளிச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அடிப்படையாகிறது.

யாழினி என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எத்தனை வகையாக எழுதலாம்? முதல் நெடிலுக்கு 'ஏ' ஒன்று அல்லது இரண்டு என இருவகை. ழகரத்துக்கு 'இசட் எச்', 'இசட்', 'எல்' என மூவகை. இறுதி இகரத்துக்கு 'ஐ', 'ஒய்', இரட்டை 'ஈ' என மூவகை. இவற்றை ஒன்றோடொன்று உறழ்ந்தால் 18 வடிவங்கள் கிடைக்கும். எண்கணிதம் கருதி எழுத்தைக் கூட்டுவோரையும் சேர்த்தால் தொகை மேலும் பெருகும். தமிழில் ஒரே வடிவம் உடைய பெயர் இவ்வாறு பதினெட்டாகப் பிரிகிறது. ஓர் ஆவணத்தில் ஒரு வடிவமும் மற்றோர் ஆவணத்தில் வேறொரு வடிவமும் அமைந்துவிட்டால், இருவரும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெயருக்கு உரியவரையே சேர்கிறது. பெயரை முறையாகத் திருத்த விரும்புவோர் அரசிதழில் அறிவிக்கை வெளியிடச் செய்யவேண்டிய நிலையும் நேர்கிறது.

நுட்பமான குறியீடுகளைப் பயன்படுத்தலாமே எனின், அதற்கும் வழியில்லை. கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென இரண்டு வரிகள் உள்ளன. வரிக்கு 44 இடங்கள். அவற்றில் 26 ஆங்கிலப் பேரெழுத்துகள், 10 எண்கள், ஓர் இடைநிரப்புக் குறி ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. அடிக்கோடும் மேற்புள்ளியும் அங்கு நுழைய இயலா.

நிலைத்துவிட்ட எழுத்து வடிவத்தை மாற்றுவதும் எளிதன்று. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதும் வகையில் அரசாணை வெளியிடப்பட்டது. புதிய எழுத்து வடிவங்கள் குறித்துப் பல கருத்துகள் எழுந்தமையால் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஒலிக்கு நெருங்கிய எழுத்து வேண்டும் என்பதில் உடன்பட்டோரும், அவ்வெழுத்து எது என்பதில் வேறுபட்டனர்.

நம் நாவில் ழகரம்

அயலார் நாவில் ழகரம் திரிவதைப் பேசுவோர், தமிழர் நாவில் அது படும் பாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்மாவட்டங்கள் பலவற்றிலும் இலங்கைத் தமிழர் பேச்சிலும் ழகரம் ளகரமாக ஒலிக்கிறது. வடதமிழகப் பேச்சு வழக்குகள் சிலவற்றில் யகரமாகிறது. இவை வட்டார வழக்கின் இயல்பான போக்குகள்; இகழத்தக்கவை அல்ல. ஆயினும் படிக்கும்போதும் மேடையில் பேசும்போதும் ல, ள, ழ ஆகிய மயங்கொலிகளை வேறுபடுத்தி ஒலிப்பது பொருள்மயக்கம் நேராமல் காக்கும். விழி என்பது கண். விளி என்பது அழைப்பு. வாழை மரம், வாளை மீன். யாழ் இசைக்கருவி, யாளி, கோயில் தூண்களில் காணப்படும் கற்பனை விலங்கு. 'யாளினி' என்று அழைக்கப்படும் பெண்ணின் பெயரில் நரம்பிசை மறைந்து, கல்விலங்கின் சாயல் வந்து புகுந்துவிடுகிறது. இங்கு உரோமன் எழுத்தைக் குறை கூற இயலாது. தமிழ் எழுத்து நேராகவே நிற்கிறது. பயிற்சி வேண்டியது நாவுக்கே.

அழைக்கும் அறம்

எழுத்து என்பது ஒலியின் முழு உருவம் அன்று. ஒலியை நினைவூட்டும் குறி. குறியின் பொருளை முன்னரே அறிந்தவருக்கு அது போதுமானது. அறியாதவருக்குப் பெயருக்கு உரியவரின் குரலே உண்மையான சான்று. எனவே, பெயர் சூட்டும் பெற்றோர் உரோமன் வடிவம் ஒன்றைத் தேர்ந்து, எல்லா ஆவணங்களிலும் அதனையே பின்பற்றுதல் நன்று. பெயருக்கு உரியவர், தம் பெயரை ஒருமுறை தெளிவாக ஒலித்துக் காட்டத் தயங்குதல் கூடாது. அழைப்பவர், அறியாத பெயரை ஊகித்துப் படிப்பதைவிட, "உங்கள் பெயரை எவ்வாறு ஒலிக்க வேண்டும்?" எனக் கேட்டறிதல் சிறப்பு. அயர்லாந்துப் பெண்ணின் பெயரையோ சீன மாணவரின் பெயரையோ நாம் படிக்க நேரும்போதும் இதுவே முறை. நம் பெயருக்கு நாம் எதிர்பார்க்கும் மதிப்பைப் பிறர் பெயருக்கும் தருதல் கடன்.

வளைந்த நா, பழகாதவருக்கு ஒரே நாளில் வாய்க்காது. ஆனால் முயன்று ஒலிப்பவரின் பிழையைப் பெயருக்கு உரியவர் பொருட்படுத்துவதில்லை. பட்டியலைப் படிப்பவர் தயங்கிய இடத்தில் ஒரு கணம் நின்று கேட்பாராயின், அவள் தன் பெயரைச் சுருக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை; யாழினியாகவே எழுந்து நிற்கலாம்.